அரை பர்சன்ட்

கமிஷன் அரை பர்சன்ட் கொடுங்க சார், என்கிறான் கஸ்பார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். ரெண்டு என்று அவன் ஆரம்பிப்பான், என்ன கஸ்பார், பொன்மலைப்பட்டியில் இப்போது யார் ரெண்டு தருகிறார்கள், எல்லாம் ஒன்றில் முடிகிறது என்று நான் முகத்தைச் சுளிப்பேன், ஒன்றரை என்பான், சரி யோசித்துச் சொல்கிறேன் என்று நான் எழுந்திருப்பது போல எழுந்திருப்பேன், அப்புறம் அவனே கையைப் பிடித்து உட்கார வைப்பான். குளிக்கும்போதும், காலையில் பூசையில் முழங்காலிட்டிருக்கும்போதும், இதைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலம் முழுக்கக் காண்ட்ராக்டர்களை அழ வைத்தவன் நான். குறைத்துக் கேட்காமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியதில்லை. இவன் என்னடாவென்றால் பேரத்துக்கே வரமாட்டேன் என்கிறான். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் மோதின கதவு சும்மா சாத்தியிருந்தால் ஆள் எப்படி உள்ளே போய் விழுவான், அப்படி விழுந்து கிடக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எழுபத்தெட்டு லட்சத்துக்கு வீட்டை முடித்துக் கொடுத்து, சாயங்காலம் மணப்பாறை பல் டாக்டர் அட்வான்ஸோடு வரப்போகிற நாளில், புரோக்கர் தானாகவே கமிஷனைக் குறைக்கிறான். யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருக்கிற பிலோமினாவைப் பார்த்துச் சொன்னான். சார் என்றது எனக்கு. அரை பர்சன்ட் என்றது என் மனைவிக்கு.

அவள் இன்னும் சேலையை மாற்றவில்லை. பூசை முடிந்து வந்ததும் கோயிலுக்குக் கட்டிய சேலையைக் கொடியில் போட்டுவிட்டு நைட்டியோடு அடுப்படிக்குப் போகிறவள். கறி வேகிற வாசனை வீடு முழுக்க அடிக்கிறது, எண்ணெய் தெறிக்கும், மஞ்சள் படும், அந்தச் சாம்பல் நீலச் சேலையை ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு அவள் கிட்டவே விடமாட்டாள். இன்றைக்கு விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், ஆள் வர்றாங்கல்ல, என்பாள். கேட்கவில்லை. கேட்டால் நான் கவனித்தது தெரிந்துவிடும். வருகிற ஆள் யார்? சீட் கிழிந்த பழைய ஸ்கூட்டரில் வருகிற ஒரு புரோக்கர். அவன் கையில் போய்ச் சேருகிற காபியில் சர்க்கரை இல்லை. எனக்குத் தெரியும், நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று முன்பே கேட்டேன். அவர்தாங்க சொன்னார், என்றாள். எப்போது சொன்னான்? வீடு பார்க்க வந்த யாரையோ நான் மாடிக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லியிருப்பான். தொட்டியைக் காட்டுவது புரோக்கர் செய்ய வேண்டிய வேலை. அதை நான் செய்துகொண்டிருந்தேன். அவன் கீழே நின்று தன் சர்க்கரையைப் பற்றி என் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான். போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததே, அது இன்னும் மோசம். மினா, டாக்டருக்கு இந்த ஜன்னல்தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மினா. குழாயை மூடிவிட்டுச் சோப்புத் தண்ணீர் கண்ணில் வழிய நின்றேன். மறுபடி சொல்வானா என்று. சொல்லவில்லை. என் எதிரில் மேடம். எங்கள் வீட்டிலும் அவள் பிறந்த வீட்டிலும் எல்லோருக்கும் அவள் பிலோ. எனக்கும் பிலோ. அந்தப் பெயருக்குப் பின்பாதி ஒன்று இருக்கிறது, அதையும் தனியாகக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முன்பாதியை நான் புழங்கிக்கொண்டிருக்க, பின்பாதியை எவனோ எடுத்துப் போய் இத்தனை வருஷம் அழுக்குப் படாமல் வைத்திருந்திருக்கிறான்.

கோயில் பாட்டுக் குழுவில ஒண்ணா இருந்தோங்க, அவ்வளவுதான். முதல் நாள் சொன்னாள். பக்கத்துத் தெரு அருளானந்தம்தான் நம்பர் கொடுத்தான், நல்ல புரோக்கர், பேராசை கிடையாது என்று. நான்தான் போன் பண்ணினேன். நானே கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் பார்த்த பார்வை. நீங்க கோயில் உபதேசியார் மகன்தானே, என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். தலையை ஆட்ட அவ்வளவு நேரமா? அன்றைக்குச் சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே, நம்ம கலியாணப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிச்சதே இவர்தாங்க, என்று உப்பு பார்க்கிற மாதிரி லேசாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது. சாமியார் அப்பம் எடுத்து நன்மை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்மோனியம் நின்றது. பாட்டு நிற்கவில்லை, பெண்களின் குரல் மட்டும் தனியாக, அடியில் ஒன்றும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார். துருத்தி கிழிந்துவிட்டது போல என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. இவ்வளவுதான் நடந்தது, இதை நான் மறந்தும் போயிருந்தேன். இப்போது படுத்தால் அந்த ஆர்மோனியம் நிற்கிறது. கண்ணை மூடினால் நிற்கிறது. துருத்தி கிழிந்தால் எப்படி மறுபடி வரும்? அப்போது அவள் எனக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். திரும்பினாளா? முக்காட்டுக்குள் அவள் முகம் எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது. புது ஷூ குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது, எப்போது கழற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கலியாணத்தன்று பக்கத்தில் மனைவி. நான் நினைத்துக்கொண்டிருந்தது ஷூவை. எனக்குப் பின்னால் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தது அவளை.

என்ன சார் யோசிக்கறீங்க, என்கிறான் கஸ்பார். காபியை ஊதிக் குடிக்கிறான். தலையில் முடி என்னைவிட அதிகம், எல்லாம் வெள்ளை, டை அடிக்கவில்லை. டை அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொரோனாவில் மனைவி போய்விட்டாள் என்று ஒருநாள் சொன்னான், மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி. பிலோமினா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டாள். ஐயோ, என்றாள். அந்த ஐயோவை நான் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது அவள் ஐயோ என்று சொன்னாளா? அழுதாள், ஆஸ்பத்திரியில் என் கூடவே கிடந்தாள், எல்லாம் செய்தாள். ஐயோ என்று சொன்னாளா? ஸ்டென்ட் எத்தனை நாளைக்கு வரும்? நான் முந்திப் போய்விட்டால்? கருமண்டபத்தில் நாங்கள் போகப்போகிற தரைத்தள ஃப்ளாட்டையும் இவன்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறான். படி ஏற வேண்டாம் மேடம், உங்க முழங்காலுக்கு நல்லது. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவனுக்குத் தெரியும். என் முப்பதாம் நாள் பூசைக்கு வருவான். அப்புறமும் வருவான். நான் சுவரில் சீரியல் விளக்குக்கு நடுவே சட்டத்துக்குள் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன், அவள் சர்க்கரை போடாத காபியைக் கொண்டுவந்து வைப்பதை. மின்விசிறி டக் டக் என்று அடிக்கிறது. செத்தவனுக்கும் பொறாமை இருக்குமா? எனக்கு இருக்கும்.

வாங்க வருகிறவர்களிடம் அவன் இந்த வீட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சிமெண்ட் கலவை என்ன, கம்பி என்ன அளவு, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எல்லாம் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒன்றையும் அவன் சொல்வதில்லை. இந்த அடுப்படி ஜன்னல்ல காலையில வெயில் வரும்ங்க, மேடம் இங்க நின்னுதான் அரிசி களைவாங்க. இந்த நந்தியாவட்டை மேடம் வச்சது. அந்த ஷெல்ஃப் கொஞ்சம் உயரம், லேடீஸுக்கு எட்டாது, ஒரு அடி இறக்கிக்கலாம். ஷெல்ஃப் என் உயரத்துக்கு நானே நின்று அடித்தது. அவள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் டப்பா எடுப்பாள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்து எனக்குத் தெரியாத உயரம் இவனுக்கு மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. இந்த மூன்று வாரமாக அவள் வெங்காயம் உரிக்கும்போது முனகுகிறாள். பாட்டு என்று சொல்ல முடியாது. வார்த்தை இல்லை. நான் அடுப்படிக்குள் போனால் நின்றுவிடுகிறது.

மிச்சம் ஒன்றரை யாருக்கு? இதுதான். இந்த ஊரில் ரெண்டு என்றால் ரெண்டு, இவன் அரை வாங்கிக்கொண்டு ஒன்றரையை விட்டுக்கொடுக்கிறான். எழுபத்தெட்டு லட்சத்தில் ஒன்றரை, லட்சத்துக்கு மேல் போகிறது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறான், ஸ்கூட்டருக்கு சீட் மாற்றவில்லை, இந்த நிலைமையில் லட்ச ரூபாயைத் தூக்கி மேஜைமேல் வைக்கிறான், பூ வைக்கிற மாதிரி. இதை யார் கணக்கில் எழுதுவது? எனக்காக அவன் ஏன் விட வேண்டும், நான் அவனுக்கு யார்? அப்படியென்றால் அது அவளுக்கு. அவளுக்கு அவன் கொடுப்பதை என் பையில் நான் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். வாங்கிப் போட்டுக்கொண்டு நன்றி வேறு சொல்ல வேண்டும். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்குத் தோடு வாங்கப் போனோம். செய்கூலியில் நான் பிடித்த பிடியில் கடைக்காரன் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். எத்தனை குறைத்தேன் பார்த்தாயா என்று பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொன்னேன். பார்த்தேன், என்றாள். வேறு என்ன சொன்னாள்? வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு பர்சன்ட் வாங்கிக்குங்க கஸ்பார், என்று என் வாய் சொல்கிறது. சார்? என்கிறான் அவன், டம்ளர் பாதி வழியில் நிற்கிறது. ரெண்டு. ஊர்ல என்ன வழக்கமோ அது. அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறான். சார், எல்லாரும் என்கிட்ட குறைக்கச் சொல்லித்தான் கேப்பாங்க. நான் கேக்கலையே, உழைச்சிருக்கீங்க, வெயில்ல அலைஞ்சிருக்கீங்க, அதுக்கு உண்டானதை வாங்கிக்குங்க. அதுக்கில்ல சார், தெரிஞ்ச வீடு. எப்படித் தெரியும்? கேட்டுவிட்டேன். சத்தமாக இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். தூரத்தில் ரயில்வே யார்டில் ஒரு எஞ்சின் ஹாரன் அடித்து ஓய்ந்ததும் நானே பூசி மெழுகுகிறேன். இல்ல, மூணு வாரமாத்தான வர்றீங்க, அதுக்குள்ள தெரிஞ்ச வீடா ஆயிடுச்சான்னு கேட்டேன். அவன் டம்ளரை மேஜையில் வைக்கிறான், வைத்த இடத்தைப் பார்க்கிறான். சரி சார், முக்கால் வச்சுக்குங்க. ரெண்டு. ஒண்ணு சார், அதுக்கு மேல வாங்கினா எனக்கு உறுத்தும். ஏன் உறுத்தணும், உங்களுக்கு உறுத்தற மாதிரி என்ன இருக்கு? நான் மேலே ஏற்றுகிறேன், அவன் கீழே இறக்குகிறான், கொடுக்கிறவன் கூட்டிச் சொல்கிறேன், வாங்குகிறவன் குறைத்துக் கேட்கிறான், இப்படி ஒரு பேரத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. இதில் ஜெயித்தால் எனக்கு லட்ச ரூபாய் நஷ்டம். ஜெயித்தே ஆக வேண்டும். என்னங்க, கொஞ்சம் உள்ள வர்றீங்களா, என்கிறாள் பிலோமினா. கேள்வி மாதிரி இல்லை.

அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்புகிறாள். என்ன பண்றீங்க? நியாயமா கொடுக்கறேன். கீரைக்காரிகிட்ட காட்டாத நியாயம், என்கிறாள். அவன் எதுக்கு நமக்குக் குறைக்கணும், அதைச் சொல்லு. கேக்கறீங்களா, கேட்டா சொல்லிடுவேன், என்று என் முகத்தையே பார்க்கிறாள். நான் குக்கர் மூடியைப் பார்க்கிறேன். கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறாள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே. என்னைக் கட்டிக்கணும்னு அவருக்கு இருந்துச்சு. அப்பாகிட்ட நேரா வந்து கேட்டார். வேலை வெட்டி இல்லாதவனுக்கு எப்படின்னு அப்பா அனுப்பிட்டார். நீ? என்கிறேன். என்னை யாரும் கேக்கல, என்கிறாள். உங்க விஷயத்துலயும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப? கொஞ்சம் யோசிக்கிறாள். இல்லை என்று சொல்வதற்கு யோசிக்க வேண்டுமா? தெரியலைங்க, என்கிறாள். அப்ப இருந்த பிள்ளை என்ன சொல்லியிருக்கும்னு இப்ப எப்படிச் சொல்றது? அதையெல்லாம் விட்டு எத்தனையோ காலம் ஆச்சு. நீங்க இந்த மூணு வாரத்துல யோசிச்சதுல கால்வாசிகூட நான் இத்தனை வருஷத்துல யோசிக்கல. நான் யோசிச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்? புரண்டு புரண்டு படுத்தா கட்டில் ஆடாதா, என்கிறாள்.

தெரியல. பொய் சொல்லியிருக்கலாம். உங்களைத்தான் சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை, அடுப்படியில், ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது, யாருக்கு என்ன நஷ்டம்? மற்ற பெண்கள் சொல்லியிருப்பார்கள். இவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, வெளியில் சொல்லிக்கொள்வேன், பிலோ பொய் பேசமாட்டா என்று. அந்தப் பெருமையை இப்போது யாராவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை. சரி, அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். நேராகப் போய். எனக்கு என் மாமா போய்க் கேட்டார், ஜாதகம் பார்க்காத கிறிஸ்தவர்களாக இருந்தும் ஜாதகம் பார்ப்பது போல என் சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள். ரயில்வே உத்தியோகம். அதற்குத்தான் கொடுத்தார்கள். அந்த உத்தியோகமும் முடிந்து, அதில் கட்டின வீடும் இன்றைக்குச் சாயங்காலம் கைமாறப் போகிறது. எதைக் காட்டி வாங்கினேனோ அது எதுவும் இப்போது கையில் இல்லை. அவள் என்னைத் தாண்டி ஹாலுக்குப் போகிறாள், நான் பின்னால் போகிறேன்.

கஸ்பார் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். நான் வர்றேன் மேடம், பேசி முடிச்சுட்டுப் போன்ல சொல்லுங்க. உக்காரு கஸ்பார், என்கிறாள். அவன் உட்கார்ந்துவிடுகிறான். நானும் உட்கார்ந்துவிட்டேன். அவள் மட்டும் நிற்கிறாள், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் நிற்கிற மாதிரி ஒரு காலில் பாரம் போட்டு. வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு, என் கையெழுத்து இல்லாம கிரயம் ஆகாது, அதனால நானும் பேசலாம். அவர் ரெண்டுங்கறார். நீ அரைங்கற. மகளை வச்சுக்கிட்டு சும்மா விட்டுக்கொடுக்கற நிலைமையில நீயும் இல்ல, உன்கிட்ட சும்மா வாங்கற நிலைமையில நாங்களும் இல்ல. ஒண்ணு. இதுக்கு மேல ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க. சரின்னா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ. அவன் என்னைப் பார்க்கிறான். முதல் தடவையாக என்னைத்தான் பார்க்கிறான். நான் தலையை ஆட்டுகிறேன். சாப்பாடு வேணாம், வீட்ல மகள் சமைச்சு வச்சிருக்கும், சாயங்காலம் டாக்டரோட வர்றேன், என்கிறான், மேடமும் இல்லை, மினாவும் இல்லை. வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். அவன் உள்ளங்கை நனைந்திருக்கிறது. பயந்திருக்கிறான். இவனும் இங்கே வருகிற ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறான் போல. அதற்காக ஒரு நொடி அவனைப் பிடித்துக்கூடப் போனது. ஸ்கூட்டர் ரெண்டு மூன்று உதைக்கு அப்புறம் கிளம்பிப் போகிறது.

ஒன்று. நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த அதே ஒன்று. எதை வாங்க நினைத்தேனோ அதை வாங்கிவிட்டேன், எனக்கு என்ன குறை? நீ. உக்காரு கஸ்பார். நீ அரைங்கற. இதுதான் குறை. முதல் நாள் அவனை நீங்க என்றாள், அது எனக்காகச் சொன்னது. இன்றைக்குக் கோபத்தில் எனக்காகச் சொல்ல மறந்துவிட்டாள், உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. என்னை அவள் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. கோபத்தில் இல்லை, காய்ச்சலில் இல்லை, பிரசவ வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்தும்போதுகூட டாக்டரைக் கூப்பிடுங்க என்றுதான் கத்தினாள். பெற்ற பிள்ளைகள் நீ. தங்கச்சி நீ. மதில் மேல் வருகிற பூனை நீ. சாமியாருக்கு நீங்க, ரேஷன் கடைக்காரனுக்கு நீங்க, பல் டாக்டருக்கு நீங்க, எனக்கு நீங்க. அந்த வரிசையில் என்னை உட்கார வைத்திருக்கிறாள். மரியாதை என்று நினைத்து இத்தனை வருஷம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிற்கிறவர்களின் வரிசை அது. அவன் எப்போதோ உள்ளே போய்விட்டான், அப்பா அனுப்பிவிட்ட பிறகும் உள்ளேதான் இருந்திருக்கிறான், அவள் யோசிக்காததாலேயே யாரும் அவனைக் கிளப்பவில்லை.

சாப்பிட உட்கார்கிறேன். சேலையை மாற்றிவிட்டு நைட்டியோடு வருகிறாள், சோறு போடுகிறாள், கறியில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் தட்டில் வைக்கிறாள். ஒண்ணு கேக்கட்டுமா பிலோ? ம். என்னை ஒரு தடவை நீன்னு சொல்லேன். கரண்டி நிற்கிறது. பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு, என்கிறாள். ஒரே ஒரு தடவை. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்கிறாள். உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறாள். நீ, என்கிறாள். நிறுத்துகிறாள். சாப்பிடு, என்கிறாள். போர்டில் எழுதியதைக் குச்சி வைத்துக் காட்டக் காட்டப் படிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொன்றாக. கழுத்துவரை சிவந்துவிட்டது அவளுக்கு, என் கண்ணைப் பார்க்கவில்லை, நைட்டியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது, நிஜமாகவே நிறைந்தது, எழுந்து போய் அவள் தலையில் கை வைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் காது சும்மா இருக்கிறதா? அவள் தேடி எடுத்துச் சொன்னாள். எனக்காகத் தேடினாள், சரி, ஆனால் தேடினாள். அவனுக்கு அது தேடாமல் வந்தது. குழம்பு ஊற்றுகிறாள். போதுமாங்க, என்கிறாள். போதவில்லை என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தட்டை நீட்டுகிறேன். இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறாள்.